மாவுக்கட்டு பிரித்த பிறகுதான் வேலையே

விழும்போது கையை ஊன்றாமல் இருக்க யாராலும் முடியாது. மூஞ்சியில் அடிபடக்கூடாது என்று கை தானாகவே முன்னால் போய்விடும். உடம்புப் பாரம் மொத்தமும் உள்ளங்கையில் இறங்கி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரல் பக்கம் இருக்கிற ரேடியஸ் எலும்பைப் பதம் பார்க்கும். எனக்கு உடைந்ததும் அங்கேதான். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு அடிக்கடி உடைகிற எலும்புகளில் இதுவும் ஒன்று. அயர்லாந்தைச் சேர்ந்த ஆப்ரகாம் காலஸ் என்ற டாக்டர் 1814-லேயே இந்த முறிவைப் பற்றி எழுதிவிட்டார். எக்ஸ்ரே வருவதற்கு அப்போது இன்னும் 80 வருஷம் இருந்தது. கையின் வடிவத்தைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்: மணிக்கட்டுக்கு மேலே புறங்கைப் பக்கம் மேடு தட்டி நிற்கும். என் கையும் அப்படித்தான் இருந்தது. சித்திரை மாதத்தில் திடீரென்று அடித்த மழை, வழுக்கிய படி, அவ்வளவுதான்.

நான் குடியாத்தத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். வைகாசி பிறந்தால் எங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்கு முந்தின வாரங்களில்தான் துணி மூட்டை மூட்டையாக வந்து விழும். அந்த நேரம் பார்த்து வலது கை. எலும்பு கூடுமா என்று நான் ஒரு நாளும் கவலைப்படவில்லை. எலும்பு கூடிவிடும், அது அதன் இயல்பு. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியுமா என்பதுதான் என் கவலை. இரண்டும் வேறு வேறு விஷயம் என்பதைக் கட்டு பிரித்த பிறகு நன்றாகவே தெரிந்துகொண்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிபட்ட கையில் வளையல், மோதிரம் எது இருந்தாலும் உடனே கழற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கை பலூனாக வீங்கும், அப்புறம் மோதிரம் விரலை நெரிக்கும். கழற்ற வராவிட்டால் சோப்பு போட்டுப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் தங்கம் என்று பார்க்காமல் வெட்டச் சொல்லிவிடுங்கள். அடுத்து, தடிமனாக மடித்த செய்தித்தாளை முன்கைக்கு அடியில் கொடுத்து, துப்பட்டாவால் கட்டி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். "சுளுக்குதான், எண்ணெய் போட்டு ஒரு இழு இழுத்தா சரியாயிடும்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். எக்ஸ்ரே எடுக்கிற வரை யாரையும் இழுக்க விடாதீர்கள். புத்தூர் போய்க் கட்டு போட்டுக்கொண்டு வரச் சொன்னவர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் எலும்பு என்றாலே முதலில் வாயில் வருகிற ஊர் அதுதான். என் எலும்பு உடைந்ததோடு இடமும் பெயர்ந்திருந்தது, அதனால் நான் டாக்டரிடமே போனேன்.

பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட்டார்கள். எலும்பை நன்றாகவே வைத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. கட்டைத்தான் நீளமாகப் போட்டுவிட்டார்கள். உள்ளங்கையில் விரல் மடங்குகிற ரேகை இருக்கிறதே, அதையும் தாண்டி விரல்களின் அடி வரைக்கும் மாவு. விரலை மடக்கினால் மாவில் இடிக்கும். ராத்திரியானால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும், எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. "கட்டு போட்டா அப்படித்தாம்மா இருக்கும்" என்று அங்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் நாத்தனார் மகள்தான் விடவில்லை. பள்ளிகொண்டா வழியாக வேலூருக்கு பஸ் ஏற்றினாள். அங்கே பார்த்த எலும்பு டாக்டர், எந்தெந்த விரல் மரக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, பேசிக்கொண்டே கட்டை நீளவாக்கில் பிளந்து தளர்த்தினார். கொஞ்ச நேரத்திலேயே குத்தல் குறைந்தது. பிறகு வேறு கட்டு போட்டு, உள்ளங்கை ரேகைக்குக் கீழேயே நிறுத்தினார். மாவுக்கட்டு போட்டிருக்கிற எல்லோரும் இதைக் கவனியுங்கள்: நான்கு விரலும் முழுசாக மடங்க வேண்டும், கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட வர வேண்டும். நகம் நீலம் பாரித்தால், விரல் மரத்துப்போனால், விரலை நீட்டும்போது தாங்க முடியாமல் வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அந்த மூன்று விரல் கணக்கு ஏன் என்று பிசியோதெரபி பிரிவில் இருந்த பெண் விளக்கினாள். என் பெண் வயசு இருக்கும். ஒரு எலும்புக்கூட்டுக் கையை மேசை மேல் வைத்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள். ஒரு கையில் 27 எலும்புகள். மணிக்கட்டில் கூழாங்கல் அளவில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. அந்த எட்டும் சேர்ந்து உள்ளங்கைப் பக்கம் ஒரு பள்ளமாக வளைந்திருக்கின்றன. பள்ளத்தின் மேலே கெட்டியான ஒரு பட்டை மூடியிருக்கிறது. அந்தக் குறுகலான வழியாகத்தான் விரல்களை மடக்குகிற 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கிற கயிறுகள்) ஒரு நரம்பும் உள்ளே போகின்றன. உள்ளே வீங்கினால் நசுங்குவது நரம்புதான். அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவ்வளவுக்குத்தான் உணர்ச்சி கொடுக்கிறது. சுண்டுவிரலுக்குப் போகிறது வேறு நரம்பு, வேறு வழி.

"விரலை மடக்குற தசை விரல்ல இல்லம்மா, இங்க இருக்கு" என்று என் முன்கையைத் தொட்டுக் காட்டினாள். நம்ப முடியவில்லை. இடது முன்கையை வலது கை விரல்நுனியால் பிடித்துக்கொண்டு இடது கை விரல்களை ஆட்டிப் பார்த்தேன். முழங்கைக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் நெளிகிறது! நீங்களும் பார்க்கலாம். இன்னொன்றும் செய்யச் சொன்னாள். உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மேலே தூக்க வேண்டும். கட்டைவிரல் எழும், ஆள்காட்டி எழும், சுண்டுவிரலும் எழும். மோதிரவிரல் மட்டும் ஒட்டிக்கொண்ட மாதிரி கிடக்கும். விரல்களின் தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் வருகிற வினை. அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

வேலூரில் கை வைத்தியத்துக்கு என்று தனி வரலாறே இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற டாக்டர் 1946-இல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களின் கைகளைப் பார்த்தபோது, உள்ளங்கைக்குள் இருக்கிற சின்னத் தசைகள்தான் செத்திருக்கின்றன, முன்கைத் தசைகளில் நல்ல பலம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். அந்தப் பலமான தசையின் நாணை வழி மாற்றி விரலில் கொண்டுபோய்த் தைத்தால் விரல் மறுபடி வேலை செய்யும். இப்படி எத்தனையோ பேருக்குக் கை திரும்பக் கிடைத்தது. தொழுநோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் விரல் போகிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே இந்தக் கை ஆபரேஷன்களைச் செய்தார். 1955-இல் வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஆராய்ச்சி மையமும் வந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் எத்தனை தடவை போயிருக்கிறேன்! கை உடைகிற வரைக்கும் இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது.

சரி, கட்டு இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு, பலரும் விட்டுவிடுகிறார்கள். தோள். கையைக் கழுத்தில் மாட்டிய பட்டையில் வைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறுகிவிடும். மணிக்கட்டு சரியான பிறகு தோளுக்குத் தனியாக வைத்தியம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பல தடவை பட்டையிலிருந்து கையை எடுத்து, மேல் அலமாரியில் டப்பாவை எடுக்கிற மாதிரி தலைக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். முழங்கையையும் நீட்டி மடக்க வேண்டும். வீக்கம் வடியவும் இது நல்லது.

கட்டு பிரிக்கிற நாளை எல்லோரும் கொண்டாட்டமாக நினைக்கிறார்கள். பார்த்தால் அழுகை வரும். தோல் செதில் செதிலாக உரிகிறது, முன்கை குச்சியாகிவிட்டது, மணிக்கட்டு மரக்கட்டை மாதிரி அசையவே மறுக்கிறது. விரல்கள் மட்டும் சுமாராக மடங்கின, விடாமல் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்ததன் பலன். வீட்டில் உடனே ஒரு ரப்பர் பந்தை வாங்கிக் கையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. பிசியோ பெண் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். "இது அப்புறம். மொதல்ல மணிக்கட்டு பின்னால வரணும்."

ஏன் என்று செய்து காட்டினாள். முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர விட்டு, மணிக்கட்டை முன்னால் தொங்க விட்டால் விரல்கள் தானாக விரியும். மணிக்கட்டைப் பின்பக்கம் சாய்த்தால் விரல்கள் தானாகச் சுருண்டு உள்ளே வரும். நாம் மடக்கவே வேண்டாம். முன்கையிலிருந்து வருகிற தசைநாண்களின் நீளம் அவ்வளவுதான், மணிக்கட்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து நாண் தளரும், மறுபக்கத்து நாண் இழுபடும். அதனால்தான் கையின் பிடி முழுசாக இருக்க மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். மணிக்கட்டை நன்றாக முன்னால் மடக்கிக்கொண்டு ஒரு துணியை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், சின்னக் குழந்தைகூட உருவிக்கொண்டு போய்விடும். எனக்கு இந்த ஒரு விஷயம் புரிந்த பிறகுதான் மற்ற எல்லாப் பயிற்சிக்கும் அர்த்தம் தெரிந்தது.

மணிக்கட்டைப் பின்னால் கொண்டுவரப் பெரிய சாதனம் ஒன்றும் தேவையில்லை, வணக்கம் போதும். நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கையையும் ஒட்ட வைத்து, கைகள் பிரியாமல் மெதுவாகத் தொப்புள் பக்கம் இறக்க வேண்டும். முழங்கைகள் இரண்டு பக்கமும் விரியும், மணிக்கட்டு பின்னால் மடங்கும். நல்ல கை உடைந்த கையைத் தள்ளிக் கொடுக்கும். ஆரம்பத்தில் என் உள்ளங்கைகளின் அடிப்பாகம் ஒட்டவே இல்லை. இழுக்கிற உணர்வு வரலாம், செய்து முடித்த பிறகும் வெகுநேரம் வலித்தாலோ கை வீங்கினாலோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுச் செய்தால் சுலபமாக இருக்கும். ஒரே மூச்சில் அரைமணி நேரம் செய்வதைவிட, அடுப்பில் பால் காய்கிற நேரத்துக்குக் கொஞ்சம், சீரியல் விளம்பரத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துச் செய்வது நல்லது.

விரல்களுக்கும் ஒரே மாதிரி மடக்கினால் போதாது. கட்டைவிரலைத் தவிர ஒவ்வொரு விரலுக்கும் மடக்குகிற நாண் இரண்டு. ஒன்று நடு மூட்டு வரை, இன்னொன்று நுனி வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும், ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகக் கொக்கி மாதிரி நுனிகளை மட்டும் மடக்குவது, முழு முஷ்டி, நுனியை நேராக வைத்துக்கொண்டு உள்ளங்கையின் அடியைத் தொடுவது என்று மூன்று விதம்.

எனக்குக் கடைசி வரை அடம்பிடித்தது வேறு ஒன்று: உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. கோயிலில் தீர்த்தம் கொடுக்கும்போது கையைக் குழித்து நீட்டுகிறோமே, அது. கை திரும்புவதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். திரும்புவது முன்கை. கவிழ்க்கும்போது ரேடியஸ் எலும்பு பக்கத்தில் இருக்கிற அல்னா எலும்பின் குறுக்கே போகும், நிமிர்த்தும்போது இரண்டும் இணையாக வரும். உடைந்ததே ரேடியஸின் முனை என்பதால் இந்த ஓட்டம் தடைபடுகிறது. கட்டு பிரித்த புதிதில் தீர்த்தம் வாங்கப் போனால் தண்ணீர் முழுக்கத் தரையில். சாப்பாட்டிலும் இதே கதைதான். சாதத்தைப் பிசைய கை கவிழ்ந்திருக்கிறது. கவளத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது முன்கை திரும்புகிறது, மணிக்கட்டு வளைகிறது, கட்டைவிரல் பின்னாலிருந்து தள்ளுகிறது. ரசம் சாதமாக இருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஸ்பூனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று பிசியோ பெண் கட்டளையே போட்டாள். முதலில் இட்லி, அப்புறம் கெட்டியான தயிர் சாதம், கடைசியில் ரசம். இதைவிட நல்ல பயிற்சியை எந்த மெஷினும் தராது என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் தனியாகச் செய்ய, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, ஒரு கரண்டியை நடுவில் பிடித்து நிமிர்த்தி, இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். முழங்கை இடுப்பை விட்டு விலகினால் தோள்தான் வேலை செய்கிறது, முன்கை ஏமாற்றுகிறது. அக்குளில் ஒரு கைக்குட்டையை இடுக்கிக்கொண்டால் அது விழும்போது தெரிந்துவிடும். நுனி பாரமான கரண்டி கொஞ்சம் பழகிய பிறகு.

கோலமும் நல்ல பயிற்சி. உட்கார்ந்து போட முடியாதவர்கள் தாம்பாளத்தில் மாவைப் பரப்பி விரலால் கோடு இழுத்தாலும் போதும். ஈரத்துணி பிழிவது மட்டும் நீண்ட நாள் வேண்டாம். இறுக்கிப் பிடித்துக்கொண்டே முறுக்குகிற வேலை அது, புதிதாகக் கூடிய எலும்புக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. குழாயில் துணியைச் சுற்றி, நல்ல கையால் பிழியலாம். குக்கரை ஒரு கைப்பிடியில் தூக்காமல் இரண்டு கையாலும் அடியோடு தூக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கையைக் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மட்டும் மேசையிலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். இந்த முறிவுக்குப் பிறகு, எலும்பு பெரிதாக விலகாதவர்களுக்கும்கூட, அந்தக் கட்டைவிரல் நாண் சில வாரம் கழித்துத் திடீரென்று அறுந்துபோவது உண்டு. நேற்று வரை எழுந்த விரல் இன்று எழவில்லை என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா பீடி சுற்றுகிறவர். நான் படிக்கிற பாடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் தன் கையை நீட்டினார். மடியில் முறம், முறத்தில் வெட்டிய இலையும் தூளும். இடது கையில் இலையை விரித்து, தூளைத் தூவி, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றுகிற வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. எத்தனையோ வருஷமாக இதே அசைவு. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி.

"கட்டைவிரலை உள்ள வெச்சு மூடிக்குங்க அக்கா. அப்படியே சுண்டுவிரல் பக்கமா மெதுவா சாயுங்க."

"அய்யோ, உசுரு போவுது!"

அடுத்த தடவை வேலூர் போகும்போது அவரையும் அழைத்துப் போனேன். சந்தேகப்பட்டது சரிதான். சுவிஸ் டாக்டர் டி குவெர்வைன் 1895-இல் விவரித்த நோய், அவர் பெயரிலேயே இருக்கிறது. கட்டைவிரலை இழுக்கிற இரண்டு நாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகலான உறை வழியாகப் போகின்றன. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுகிற மாதிரிதான். மடிப்பு தடித்து இறுகினால் நாடா சிக்கும், இழுக்க இழுக்க இன்னும் தடிக்கும். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் தாங்குகிற ஸ்பிளின்ட் என்ற பட்டை, ஓய்வு, அதிலும் அடங்காவிட்டால் ஒரு ஊசி, அபூர்வமாகச் சின்ன ஆபரேஷன். பிறந்த குழந்தையைத் தூக்கித் தூக்கி இளம் தாய்மார்களுக்கும் இதே இடத்தில்தான் வலி வருமாம்.

"வேலைய விடுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்று அக்கா டாக்டரிடமே சொல்லிவிட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களுக்கு ஓய்வு எழுதிக் கொடுப்பது சுலபம், எடுப்பது சுலபமில்லை. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அக்காவால் முடிந்தது: இலையை இன்னும் கொஞ்ச நேரம் ஈரத்தில் ஊற வைத்து மெதுவாக்கிக்கொள்வது, சுற்றுவதைக் கொஞ்ச நேரம் மருமகளிடம் கொடுத்துவிட்டு நூல் கட்டுவது, ராத்திரி ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு தூங்குவது. ஊசிக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்தது.

என் கத்தரிக்கோல் விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் தரையில் துணியை விரித்துக் குனிந்து வெட்டுவேன். அப்படி வெட்டும்போது மணிக்கட்டு முன்னால் மடங்குகிறது, பிடி போகிறது, கட்டைவிரல் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. இப்போது இடுப்பு உயர மேசை. கத்தரியின் கீழ் அலகு மேசையைத் தொட்டபடியே போகும், கை அதைத் தூக்க வேண்டியதில்லை. மணிக்கட்டு நேராக இருக்கிறது. பிளேடைச் சாணை பிடிப்பதில் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை, மழுங்கிய கத்தரி கையைத்தான் வெட்டும். லைனிங் துணியை நாலு மடிப்பாக வைத்து ஒரே வெட்டில் வெட்டுகிற பழக்கத்தை விட்டுவிட்டேன். வலது மணிக்கட்டு இடது அளவுக்குப் பின்னால் போகவில்லை, போகவும் போகாது என்றுதான் நினைக்கிறேன். தையலுக்கு அது தடையாக இல்லை.

டாக்டர் கடைசியாகச் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தால், அதுவும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு என்றால், எலும்பே மெலிந்திருக்கலாம், அடுத்து உடைவது இடுப்பாகவோ முதுகெலும்பாகவோ இருக்கலாம் என்று எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு மெலிவு இருந்தது. மாத்திரை, வைட்டமின் டி, தினமும் நடை. அக்கா தங்கைகளும் பார்த்துக்கொள்வது நல்லது என்றார். என் பெரிய அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறாள், என்னைவிட மூத்தவள், போன வருஷம் ஒரு தடவை விழுந்து எழுந்தவள். போன் போட்டால், "எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாள். இந்த வருஷம் சிரசுக்கு வருவாள். தேர் பார்த்த மறுநாளே வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக அத்தானிடம் பேசி வைத்திருக்கிறேன்.